பெத்தமனிஷி நாற்காலி

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய புத்தூரில் என் ஃப்ளெக்ஸ் கடைக்கு எதிரே ஆதிநாராயணன் அண்ணாவின் டென்ட் ஹவுஸ். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, அண்டா, குண்டான், கரண்டி என்று கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வேண்டியது எல்லாம் அவரிடம் வாடகைக்குக் கிடைக்கும். அவர் பந்தல் போடுகிற வீட்டுக்குப் பெரும்பாலும் நான்தான் பேனர் அடிப்பேன். அதனால் ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தக்காரர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் இப்போது என்னையும் இன்னும் ஓரிருவரையும் தவிர யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் பெத்தமனிஷி. தெலுங்கு வார்த்தைதான். பெத்த என்றால் பெரிய, மனிஷி என்றால் மனுஷன். வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு என்று வளர்ந்த எங்கள் வாய்க்கு எது முன்னால் வருகிறதோ அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அதனால் எனக்கு இந்த வார்த்தைமேல் ஒரு கண் உண்டு. அண்டாவில் பெரிய அண்டா எது என்று கேட்டால் ஆதிநாராயணன் அண்ணா எத்தனை படி அரிசி வேகும் என்று சொல்லிவிடுவார். மனுஷனில் பெரியவன் எவன் என்று கேட்டால் எதை வைத்து அளப்பது? நிலம் இருந்தாலும் பெத்தமனிஷி, நரைத்தாலும் பெத்தமனிஷி, நல்லவனாக இருந்தாலும் பெத்தமனிஷி. வாய் நீளுகிற பொடியனையும் "வாடா பெரிய மனுஷா" என்றுதான் கூப்பிடுகிறோம். போதாக்குறைக்குத் தமிழில் பெரிய மனுஷி என்று எழுதினால் அர்த்தமே வேறாகிவிடுகிறது. பொண்ணு வயசுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். தெலுங்கிலும் பொண்ணைப் பற்றிச் சொன்னால் அதே அர்த்தம்தான். அதற்கும் நான் பேனர் அடிக்கிறேன். பாவாடை தாவணி, பக்கத்தில் ஒரு மயில், நாலு மூலையிலும் மாமன்மார் படம்.

எங்கள் பக்கத்தில் பெத்தமனிஷி என்றால் அதற்கு ஒரு வேலையும் உண்டு. கல்யாணம் பேசவும், புருஷன் பெண்டாட்டி சண்டை தீர்க்கவும், வரப்புத் தகராறு பேசவும் இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் பெத்தமனிஷியைக் கூட்டிவர வேண்டும். சம்பந்தப்பட்டவன் தன் வழக்கைத் தானே பேசக்கூடாது. அது மரியாதை இல்லை. பெத்தமனிஷி இல்லாமல் வந்த பக்கத்தை யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள். ஆதிநாராயணன் அண்ணா இந்த வேலையில் மாட்டியதும், அதிலிருந்து வெளியே வர முடியாமல் தவித்ததும், அதனால் அவர் பொண்ணு பிரமிளாவின் வாழ்க்கையே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தரத்தில் நின்றதும்தான் நான் சொல்லவந்த கதை.

மாட்டியதே ஒரு கூத்து. யாரோ அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. அண்ணா போனது தீர்ப்புச் சொல்ல இல்லை, நாற்காலிகளைத் திரும்ப ஏற்ற. பேச்சு முடிந்தபாடில்லை. உட்கார்ந்திருந்த பெத்தமனுஷர்கள் இரட்டைப்படையில் இருந்ததால் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். "நீயும் உக்காரப்பா, ஒத்தப்படையாவட்டும்" என்றார்கள். காலியாக இருந்த தன்னுடைய நாற்காலியிலேயே அண்ணா உட்கார்ந்தார். மாலையில் இன்னொரு வீட்டில் பந்தல் போட வேண்டும் என்ற அவசரத்தில், தன் கடையில் நாற்காலி அடுக்கும்போது ஆட்களிடம் சொல்லுகிற வார்த்தையையே சொன்னார்.

"சர்துகோங்க. ரெண்டு பக்கமும் கொஞ்சம் சர்துகோங்க."

சர்துகோ என்றால் ஒழுங்காக அடுக்கிவை. பஸ்ஸில் சொன்னால் கொஞ்சம் தள்ளி உட்கார். குடும்பத்தில் சொன்னால் அனுசரித்துப் போ. இழுத்து இழுத்து அலுத்துப்போயிருந்த அண்ணன் தம்பிகள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சமாதானமாகிவிட்டார்கள். ஆதிநாராயணன் கை வைத்தால் காரியம் முடியும் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அதற்கப்புறம் எந்தப் பஞ்சாயத்து என்றாலும் நாற்காலியோடு ஆளையும் சேர்த்தே கூப்பிட்டார்கள்.

பட்டம் வந்ததும் மனுஷன் பட்ட பாடு கொஞ்சமில்லை. கலர்ச் சட்டை போனது, லுங்கி போனது, வெள்ளைச் சட்டையும் வேட்டியும் வந்தன. ரயில்வே கேட் பக்கத்துப் பானிபூரி வண்டியென்றால் அவருக்கு உயிர். "பெத்தமனிஷி ரோட்டுல நின்னுகினு பானிபூரி துன்றாரு பாரு" என்று யாரோ சிரித்ததிலிருந்து அங்கே நிற்பதில்லை. நான்தான் பொட்டலம் கட்டி வாங்கிவந்து கொடுப்பேன். ஷாமியானாத் துணி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார். பூரி ஊறிச் சொதசொதவென்று இருக்கும். அதையும் விடமாட்டார். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டே அவர் காலம் ஓட்டினார். போன வருஷம் ஜெயம்மாவின் மகள் தேவயானி வழக்கிலும் அதைத்தான் சொன்னார். ஜெயம்மா அவர் கடையிலேயே பாத்திரம் துலக்குகிறவள். விசேஷம் முடிந்து வருகிற அண்டாக்களைப் பின்பக்கக் குழாயடியில் உருட்டி உருட்டித் துலக்குவாள். மகளை வரதய்யபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று தேவயானி ஓடிவந்துவிட்டாள். இதே டென்ட் ஹவுஸ் வாசலில் பஞ்சாயத்து. மாங்காய் மண்டி கமிஷன்காரர் வேங்கடாசலமும் ஆதிநாராயணன் அண்ணாவும் உட்கார்ந்தார்கள். எல்லாம் கேட்டுவிட்டு அண்ணா, "சர்துகோம்மா, பொம்பள கொஞ்சம் சர்துகினா குடும்பம் நிக்கும்" என்றார். தேவயானி தலையாட்டினாள். மத்தியானம் பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாளும் ஜெயம்மா வேலைக்கு வந்தாள். அண்ணாவோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவர் ஏதாவது கேட்டால் அண்டாவிடம் பதில் சொல்லுவாள்.

அப்புறம் பிரமிளா வந்தாள். நாயுடுபேட்டையில் கட்டிக்கொடுத்த பொண்ணு. மாப்பிள்ளை ஹரிபிரசாத்துக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக வீட்டுக்கு வராமல் புத்தூர்க் கட்டுப் போடுகிற இடத்துக்குப் போய், கையில் மூங்கில் தப்பையும் பச்சிலைக் கட்டுமாகத்தான் கடைக்கு வந்து நின்றாள். பச்சிலையும் முட்டையும் கலந்த வாடை என் கடைவரை அடித்தது.

"கீழ வுழுந்துட்டியா?" என்று அண்ணா கேட்டார்.

"வுழல நைனா. முறுக்கினாரு."

அண்ணா நின்ற இடத்திலேயே நாற்காலி அடுக்கைப் பிடித்துக்கொண்டார். அவர் பெண்டாட்டி தாட்சாயணி அக்கா உள்ளிருந்து ஓடிவந்து பொண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்போதே நாயுடுபேட்டைக்கு வண்டி எடுத்திருப்பேன். அண்ணா அடுக்கிய நாற்காலிகளையே மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

இரண்டொரு நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெத்தமனிஷியோடு வருகிறார்களாம், பொண்ணை அழைத்துப் போகிறார்களாம். "மீ தரஃபுன பெத்தமனிஷி எவரு?" என்று கேட்டார்கள். உங்கள் பக்கத்துக்கு யார் பெரிய மனுஷன்?

அண்ணா முழித்தார். ஊருக்கெல்லாம் உட்கார்ந்தவர் இவர். தன் பொண்ணுக்குத் தானே உட்கார முடியாது, பெத்தவன். வேங்கடாசலத்தைத் தேடி மண்டிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"வராம எங்க போவேன்? வரேன்" என்றார் வேங்கடாசலம். "ஆனா நான் என்னா சொல்லுவேன்னு உனக்கே தெரியும் ஆதி. ஜெயம்மா பொண்ணுக்கு ஒண்ணு, உன் பொண்ணுக்கு ஒண்ணுன்னு சொன்னா நாளைக்கு ஊர்ல நம்ம பெத்தரிகம், இந்தப் பெரியதனம் நிக்குமா?"

"அவ கைய ஒடச்சிட்டான்ணா."

"தேவயானிக்கு மட்டும் என்னா, பூவாலயா அடிச்சான்? சர்துகோன்னு சொன்னவன் நீதான். நான் பக்கத்துல உக்காந்துகினு இருந்தேன்."

மனுஷர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லையே. வேறு இரண்டு மூன்று பேரிடமும் போனோம். ஒருவருக்கு அன்றைக்குத் திருப்பதியில் கல்யாணம், ஒருவருக்கு முழங்கால் வலி. "உங்களுக்கு நான் சொல்றதா? நீங்களே பெத்தமனிஷி" என்றார் இன்னொருவர்.

திரும்பி வரும்போது அண்ணா சொன்னார்: "சேரு வாடகைக்கு எடுத்தவன் வேல முடிஞ்சா திருப்பிக் குடுத்துட்டுப் போயிடறான். இந்தப் பேர நான் யார்கிட்ட திருப்பிக் குடுக்கறது உதயா?"

வீட்டு வாசலில் பிரமிளா காத்திருந்தாள். "நான் போவணுமா நைனா?" என்று நேராகக் கேட்டாள்.

"பெத்தமனுஷங்க வரட்டும்மா. பேசட்டும்."

"நீதானே நைனா பெத்தமனிஷி?"

அவர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார். அவள் உள்ளே போய்த் துணிமணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்ததாகத் தாட்சாயணி அக்கா பிறகு என்னிடம் சொல்லி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டென்ட் ஹவுஸ் வாசலில் நீல நாற்காலிகள் போட்டாகிவிட்டன. போட்டதும் அண்ணாவேதான். தன் பொண்ணைத் திருப்பி அனுப்புகிற பஞ்சாயத்துக்குத் தானே நாற்காலி துடைத்துப் போட்ட மனுஷரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாயுடுபேட்டையிலிருந்து ஹரிபிரசாத்தும், அவன் அம்மாவும், அவர்கள் பக்கத்துப் பெத்தமனிஷியாக வெள்ளைச் சட்டையில் ஒரு பருத்த ஆளும் காரில் வந்து இறங்கினார்கள். எதிரில் வேங்கடாசலம். அண்ணா ஓரமாக நின்றார். பிரமிளாவும் அம்மாவும் கதவுக்குப் பின்னால். பின்பக்கம் ஜெயம்மா அண்டா துலக்குகிற சத்தம்.

பருத்த ஆள் பேச்சை ஆரம்பித்தார். சின்னஞ்சிறுசுகள், கோபத்தில் கை பட்டுவிட்டது, ஊர் சிரிக்காமல் முடித்துவிடலாம் என்று தெலுங்கில் வழவழவென்று போனது. ஹரிபிரசாத் தலையைக் குனிந்துகொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நாங்க புதுசா ஒண்ணும் சொல்லப்போறதில்ல" என்றார் வேங்கடாசலம். "போன வருஷம் இதே எடத்துல என்னா சொன்னமோ அதான். பொண்ண அனுப்பிச்சி வைக்கலாம். இனிமே கை நீட்டமாட்டேன்னு மாப்ள ஒரு வார்த்த சொல்லட்டும்."

"சொல்றேன்" என்றான் ஹரிபிரசாத், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் பை தூக்குகிற சத்தம் கேட்டது. அண்ணா வாயைத் திறந்தால் பெத்தரிகம் போகும், திறக்காவிட்டால் பொண்ணு போவாள். அவர் திறக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

பின்பக்கம் அண்டாச் சத்தம் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஜெயம்மா கையில் சாம்பலும் புளியுமாக வந்தாள். அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவினாள். வேங்கடாசலத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரும்மா நீ?" என்றார் பருத்த ஆள்.

"பொண்ணு பக்கத்துக்குப் பெரிய மனுஷி."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் வேங்கடாசலம் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏம்மா ஜெயம்மா, இந்த வயசுலயா பெரிய மனுஷி ஆன? சொல்லியிருந்தா உதயா ஒரு பேனர் அடிச்சிருப்பானே!"

எல்லோரும் சிரித்தார்கள். காரோட்டி வந்தவன்கூடச் சிரித்தான். அந்த வார்த்தை தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் ஒரு பொம்பளையின் வாயிலிருந்து வந்தால் வேறு எப்படிக் கேட்கும்? ஜெயம்மா சிரிப்பு அடங்கும்வரை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல இல்லண்ணா. ஏழாவது படிக்கறப்ப ஆனேன். அன்னிக்கு மூலையில உக்கார வச்சீங்க, படிப்பு நின்னுபோச்சு. இன்னிக்கு சேர்ல உக்காந்துகினு கீறேன். அதே பேருதான். எனக்குக் குடுத்த பேர நான் எடுத்துக்கினேன், இதுல சிரிக்க என்னா கீது?"

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவள் ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக ஆதிநாராயணன் அண்ணாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணா. என் தேவயானிக்குச் சொன்னீங்களே, அந்த வார்த்தைய உங்க பொண்ணுக்கும் சொல்லுங்க. அவ மூஞ்சப் பார்த்துச் சொல்லணும். சொல்லிட்டா நான் எழுந்து போயி அண்டா கழுவறேன்."

பிரமிளா பையோடு வாசற்படியில் நின்றாள். கட்டுப் போட்ட கை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அண்ணா அவளைப் பார்த்தார்.

"சர்..." என்றார். அதற்குமேல் வரவில்லை. இன்னொருமுறை வாயைத் திறந்தார். எத்தனையோ வீட்டு வாசலில் எத்தனையோ பொண்ணுகளுக்கு வெற்றிலை மென்றுகொண்டே சொன்ன வார்த்தை, தன் பொண்ணு முன்னால் தொண்டையில் சிக்கிக்கொண்டது. "போவாதம்மா" என்றார் கடைசியில். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் வெள்ளை வேட்டியெல்லாம் மண்.

அப்புறம் ஒரே கூச்சல். பெத்தவனே பேசிவிட்டான், இது என்ன பஞ்சாயத்து என்று நாயுடுபேட்டைக்காரர்கள் கத்தினார்கள். ஹரிபிரசாத்தின் அம்மா காரில் ஏறும்வரை வைதாள். வேங்கடாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உன் பெத்தரிகம் இன்னியோட முடிஞ்சது ஆதி" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரமிளா பையைக் கீழே வைத்துவிட்டு நைனாவின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

அப்பாடா, மனுஷன் தப்பித்தான் என்று நினைத்தேன். சாயங்காலம் ரயில்வே கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நின்றபடியே பானிபூரி வாங்கிக் கொடுக்கலாம் என்றுகூடக் கணக்குப் போட்டேன். ஆனால் ஜெயம்மா நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"உங்க பொண்ணு ஊட்டுலயே கீறா. சந்தோசம்" என்றாள். "என் பொண்ணு?"

அண்ணா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் போயிக் கூப்ட்டா அவ மாமியாக்காரி அனுப்பமாட்டா. பெத்தமனிஷி சொல்லிட்டாருன்னுதான் சொல்லுவா. சொன்ன வாயே வந்து வேணாம்னு சொல்லணும்."

மறுநாள் காலையில் டென்ட் ஹவுஸ் டெம்போவில் கிளம்பினோம். அண்ணா ஓட்டினார், பக்கத்தில் ஜெயம்மா, பின்னால் ஷாமியானாத் துணிமேல் நான். கலர்ச் சட்டைதான் போட்டுக்கொண்டு வந்தார். சத்தியவேடு தாண்டும்வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது, என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பா சொல்லிட்டேம்மா, வந்துடு" என்று ஒருமுறை சத்தமாகவே வந்துவிட்டது. ஜெயம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அதயே சொல்லுங்க, போதும்" என்றாள்.

வரதய்யபாளையத்தில் அந்த வீட்டு முன்னால் டெம்போ நின்றது. ஜெயம்மா அந்தப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தாள். அண்ணாதான் முதலில் வாசலுக்குப் போனார். தேவயானி விளக்குமாறும் கையுமாக வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துக் கழுத்தில் இருந்த காயத்தை மூடிக்கொண்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவசர அவசரமாகச் சொன்னாள்:

"நான் சர்துகினுதான் கீறேன் மாமா. யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"